பாம் செடியின் வரவு செலவு

(இடம்: தண்டையார்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறிய நர்சரி. பேசுவோர்: நர்சரி நடத்தும் அம்மாள், கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பெரியவர் ஒரு கையால் தொட்டியை அணைத்தபடியும், அக்குளில் நீளமான கணக்குப் புத்தகத்தை இடுக்கியபடியும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். செடிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று அவர் ஓட்டுநரோடு நடத்திய வாதம் இங்கே விடப்பட்டுள்ளது. அதில் வென்றவர் ஓட்டுநர்தான்.)

பெரியவர்: அம்மா, இது உங்களிடம் வாங்கிய அரேகா பாம். வாங்கும்போது பச்சைப்பசேலென்று இருந்தது. இன்று நுனியெல்லாம் கருகி, அடியோலை மஞ்சளாகி, நடுவில் இருக்கும் இரண்டு ஓலைகள் மட்டும் என் வயதுக்கு மரியாதை கொடுத்து நின்றுகொண்டிருக்கின்றன. குறை செடியில்தான் என்பதை நிரூபிக்க, அதற்கு நான் கொடுத்ததையெல்லாம் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாள்: முதலில் உட்காருங்கள், ஐயா. அடியோலை ஒன்றிரண்டு பழுத்து விழுவது இயல்பு. அது ஓய்வு பெறுகிறது.

பெரியவர்: ஓய்வூதியம் ஏதும் இல்லாமலா?

அம்மாள்: அதில் இருக்கும் சத்தை இளம் ஓலைகள் எடுத்துக்கொள்ளும். அதனால் முழுவதும் காயும்வரை அதை அறுக்க வேண்டாம். நுனி கருகியதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கணக்கைப் படியுங்கள், கேட்கிறேன்.

பெரியவர்: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) காலை, ஒரு சொம்பு போர் தண்ணீர். பத்து மணிக்கு, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் ஒரு வாளி. வீணாக்கக் கூடாது என்று நான் வகுத்த சிக்கனத் திட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில், காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த மீனை அலசிய தண்ணீர்; அது என் மனைவியின் பங்களிப்பு.

அம்மாள்: மீனை எதைப் போட்டு அலசுவார்கள்?

பெரியவர்: மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத்தான். வேறு எதைப் போட்டு அலசுவார்கள்?

அம்மாள்: ஐயா, நீங்கள் செடி வளர்க்கவில்லை, கருவாடு போட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்: புரியும்படி சொல்லுங்கள்.

அம்மாள்: நம் பக்கத்துப் போர் தண்ணீரின் சுவை உங்களுக்குத் தெரியாததா? நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தத் தண்ணீரை இயந்திரத்தில் விட்டால், நல்லது ஒரு குழாயில் வரும், தண்ணீரிலிருந்த உப்பெல்லாம் திரண்டு இன்னொரு குழாயில் வரும். நல்லதை நீங்கள் குடித்துவிட்டு, மற்றதைச் செடிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போதாததற்கு ஞாயிறுதோறும் கல்லுப்பு. மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரத்துக்கு நடுவிலேயே இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அந்தத் தாகம் முதலில் தெரிவது ஓலை நுனியில்தான். இங்கே பாருங்கள்.

(தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டுகிறார். வெள்ளைப் பொருக்கு உதிர்கிறது.)

பெரியவர்: அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து, துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேனே!

அம்மாள்: (தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்து) இதற்கு ஓட்டை இருந்ததே, எங்கே போயிற்று?

பெரியவர்: எம்-சீல் வைத்து அடைத்தேன். தண்ணீர் வழிந்து கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்டிருந்த வடகத்தின்மேல் சொட்டியது. ஓட்டையை அடைத்திராவிட்டால் அவர் என்னை அடைத்திருப்பார்.

அம்மாள்: வடகம் தப்பித்தது, வேர் அழுகிவிட்டது.

(செடியை மண்ணோடு சாய்த்து இழுக்கிறார். தொட்டிக்குள்ளிருந்து காசிமேட்டின் ஞாயிற்றுக்கிழமை மணம் எழுகிறது. நர்சரியின் பூனை எங்கிருந்தோ வந்து, பெரியவரின் காலருகே பயபக்தியோடு அமர்கிறது.)

அம்மாள்: நல்ல வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் அறுபடாமல் கெட்டியாக இருக்கும். இதைப் பாருங்கள், கறுத்துக் குழைந்து விரலோடு வருகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும், ஐயா. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடம் ஏது?

பெரியவர்: காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிற நாள்களில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. வீட்டுக் காற்றை இந்தச் செடி சுத்தம் செய்துவிடும் என்றுதானே இதை வாங்கினேன்? நாசாவே சொல்லியிருப்பதாக என் மருமகன் சொன்னார்.

அம்மாள்: தாவரவியல் படிக்கும் என் மகளிடம் இதைக் கேட்டேன். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு உண்மைதான். ஆனால் செடியை இறுக மூடிய சிறு பெட்டிக்குள் வைத்துப் பார்த்த ஆய்வு அது. நம் வீடு ஜன்னலும் கதவும் உள்ள வீடு. 2019இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் வழியாகவும் இடுக்கு வழியாகவும் வந்துபோகிற காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், தரையில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

பெரியவர்: (கணக்கர் விழித்துக்கொள்கிறார்) பொறுங்கள். எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. நூற்றிருபது சதுர அடி என்றால் ஏறத்தாழ பதினொரு சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே நூற்றுப்பத்துச் செடிகள் வேண்டும்!

அம்மாள்: மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைத்துத் தருகிறேன். நீங்களும் அம்மாவும் மட்டும் கூடத்தைவிட்டு மாடிப்படியில் குடியேற வேண்டியிருக்கும்.

பெரியவர்: அப்படியானால் ஒரு செடியை எதற்காகத்தான் விற்கிறீர்கள்?

அம்மாள்: பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக. மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி ஐயா இது. நம் ஊரின் வெக்கையும் புழுக்கமும் அதற்கு ஒத்துப்போகின்றன. ஜன்னலோரத்துக் காலை வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்து, உச்சிவெயிலில் மட்டும் காட்டாமல் இருந்தால் போதும். கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா?

பெரியவர்: இருக்கிறது, ஆனால் அங்கே என் நாற்காலி இருக்கிறது.

அம்மாள்: நகருங்கள்.

பெரியவர்: நல்லது. இன்னொரு பதிவும் இருக்கிறது. நடுவில் ஈட்டிபோல் ஒன்று கூம்பியே நின்றது. விரியச் சிரமப்படுகிறதே என்று, கையால் பிரித்து உதவலாமா என யோசித்து...

அம்மாள்: (பதறி) தொட்டீர்களா?

பெரியவர்: கத்தரிக்கோலைத் தேடும்போது மின்சாரம் போய்விட்டது.

அம்மாள்: மின்வாரியத்தை வாழ்நாளில் முதல்முறையாக வாழ்த்துகிறேன். அது குருத்து ஐயா, தானாகத்தான் விரியும். பனையானாலும் தென்னையானாலும் ஒரு தண்டு வளர்வது உச்சியிலிருக்கும் அந்த ஒரு முனையிலிருந்துதான். அது போனால் அந்தத் தண்டு அத்தோடு சரி. இது பல தண்டுகள் விட்டுக் குத்தாக வளர்கிற சாதி என்பதால் மற்றவை பிழைத்திருக்கும், ஆனாலும் கத்தரிக்கோலைப் பரணில் போட்டுவிடுங்கள். கருகிய நுனியை மட்டும் வேண்டுமானால், பச்சையைத் தொடாமல் நறுக்கலாம்.

பெரியவர்: எழுதிக்கொண்டேன். இனி என்ன வைத்தியம்?

அம்மாள்: அழுகிய வேரைக் கழித்துவிட்டு, செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மணலும் மண்புழு உரமும் கலந்து, ஓட்டை உள்ள தொட்டியில் வைக்க வேண்டும்.

பெரியவர்: மணல் செலவை மிச்சப்படுத்தலாம். காசிமேட்டுக் கடற்கரையில்...

அம்மாள்: ஐயா!

பெரியவர்: சரி, சரி, அதிலும் உப்பு. அடித்துவிட்டேன்.

அம்மாள்: தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் அடியில் வழிகிறவரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்ததும் தொட்டியை மொட்டைமாடியில் ஒரு நாள் நனையவிட்டால், மண்ணில் தங்கிய உப்பும் கரைந்து வெளியேறும்.

பெரியவர்: மனைவியிடம் மீன் தண்ணீரைப் பற்றி எப்படிச் சொல்வது? கண் திருஷ்டிதான் காரணம் என்று அவர் ஏற்கெனவே எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறார்.

அம்மாள்: அது இருக்கட்டும், இதுவரை செடிக்கு உபத்திரவம் கொடுக்காத ஒரே பொருள் அதுதான். செடி தேறும்வரை என் நிழல்வலையின் கீழேயே இருக்கட்டும். புதுக் குருத்து வந்ததும் எடுத்துப் போங்கள்.

பெரியவர்: இடையில் வந்து பார்க்கலாம் அல்லவா?

அம்மாள்: தாராளமாக.

பெரியவர்: உடம்பு சரியில்லாததைப் பார்க்க வரும்போது வெறுங்கையோடு வருவது முறையாகாதே. ஏதாவது கொஞ்சமாக...

அம்மாள்: வெறுங்கையோடுதான் வர வேண்டும், ஐயா. வாசலிலேயே பையைச் சோதிப்பேன்.