கைதட்ட மட்டும் போகிறோம்

கலைக்கல்லூரி வாசலை நம்மவர்கள் மிதிப்பதற்கு இரண்டே காரணங்கள்தாம். சொந்தக்காரப் பிள்ளை ஆடுகிறது, அல்லது சொந்தக்காரப் பிள்ளை பட்டம் வாங்குகிறது. இந்த இரண்டும் இல்லாமல், சும்மா பார்க்கலாமே என்று வந்த தமிழரைக் கோலாலம்பூரில் யாராவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால்தேநீர்) என் செலவு.

நான் இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி சொல்லிக்கொடுத்துப் பணி ஓய்வு பெற்றவள். இப்போது கையில் இருக்கும் நேரத்தில் பாதி, கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிகளிலும் உரைகளிலும் போகிறது. பெரும்பாலும் இலவசம், குளுகுளு அறை, அதிர்ஷ்டம் இருந்தால் கறிபாப்கூட உண்டு. அப்படியும் நம் ஆட்களைக் காணோம்.

அரங்கேற்றம் என்றால் மட்டும் மண்டபம் கொள்ளாது. அதைக் குறை சொல்ல வரவில்லை. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிவைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. நடனக் கலைஞர் ரம்லி இப்ராகிம் 1983இல் தொடங்கிய சூத்ரா நடனக்குழு தித்திவங்சா பக்கம் இருக்கிறது. இவர்களும், வீட்டு வரவேற்பறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுச் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ ஆசிரியைகளும் சேர்ந்து, ஆடத் தெரிந்த ஒரு தலைமுறையையே இந்த ஊரில் உண்டாக்கிவிட்டார்கள்.

ஆனால் அரங்கேற்ற மண்டபத்தில் வர்ணம் தொடங்கும்போது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நிகழ்ச்சியிலேயே நீளமானது அதுதான், அரை மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும். அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் கற்றதெல்லாம் அதில்தான் வெளிவரும். அப்போதுதான் பின்வரிசை மெல்ல எழுந்து பஃபே இருக்கும் பக்கம் நகரும். தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்துவிடுவார்கள். அதில் மட்டும் தாளம் தப்பாது. முடிந்ததும் ஒரே வரி: "ரொம்ப நல்லா ஆடுச்சு பிள்ளை." எல்லாப் பிள்ளைக்கும் அதே வரி.

ஆதரவு கொடுக்க நமக்குத் தெரியும். பார்க்கத்தான் தெரியவில்லை. கலை படிக்கும் பிள்ளைக்கு ஆதரவு ஓரளவுக்கு மேல் உதவாது. "ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்க நம்மிடம் இருக்கும் தகுதி, கல்லூரி ஆசிரியர் பலரிடமும் இல்லாத தகுதி.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பால்மரக் காட்டில் கிடந்த பழைய மங்குகளை, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணங்களை, பொறுக்கி வந்து கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். கீழே லயத்து வீட்டின், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், துருப்பிடித்த தகரம். ஒவ்வொரு மங்கின் உள்ளேயும் அவள் பாட்டியின் பழைய அடையாளக் கார்டுப் படத்திலிருந்து ஒரு துண்டு. விரிவுரையாளர்கள் வந்தார்கள். நினைவு, இடப்பெயர்வு, அடையாளம் என்று அழகாகப் பேசினார்கள். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி நாளில் அந்தப் பாட்டி வந்தார். தொடக்கூடாது என்ற அட்டையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மங்கைக் கையில் ஏந்தி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "என்னாடி இது, இப்படித் தேய்ச்சுக் கழுவி வச்சிருக்க? கட்டிப்பால் எங்க? அந்த வாடை இல்லாம என்ன தோட்டம்?"

கட்டிப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: மங்கில் உறைந்து கிடக்கும் ரப்பரின் வாடை துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்தப் படைப்பின் குறை அதேதான். அது சுத்தமாக இருந்தது, மணக்காமல் இருந்தது, அருங்காட்சியகத்துக்கு ஏற்ற தோட்டமாக இருந்தது. மாணவி சிரித்துவிட்டு, உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்தக் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான விமர்சனம் அதுவாகத்தான் இருக்கும். பாட்டி சொந்தக்காரியாகத்தான் வந்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசியது பால் வெட்டியவராக. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பால் வெட்டிய கைகள் எத்தனை இருக்கின்றன, யோசித்துப் பாருங்கள்.

கலை நம்மிடமிருந்து தூரமாக வைக்கப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. இன்று யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் என்று நாம் அறிந்த நிறுவனத்தில் 1967இல் கலை, வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. இந்நாட்டின் பெயர் பெற்ற ஓவியர்கள் பலர் அங்கே படித்தவர்கள். அது பூமிபுத்ராக்களுக்கான (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்) கல்விக்கூடம், நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க வழியில்லை. அதே 1967இல் சுங் சென் சுன் என்ற ஓவியர் மலேசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட் என்ற தனியார் கல்லூரியைத் தொடங்கினார். அதன் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நாள் சம்பளத்துக்குப் பால் வெட்டியவர் எந்தக் காசில் அனுப்புவார்?

தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த ஓவியர் சையத் தாஜுதீன் 1960களின் பிற்பகுதியில் கப்பலைத் திருப்பிப் பிடித்த மாதிரி மெட்ராஸுக்கே போய், 1850இல் தொடங்கிய அந்தப் பழைய கலைக்கல்லூரியில் படித்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம். மேற்கைப் பார்த்து வரைந்தது போதும், நமக்கே உரிய கோடுகளைத் தேடுங்கள் என்ற பேச்சு அங்கே இன்னும் சூடாக இருந்தது. தாஜுதீன் இராமாயணக் காட்சிகளைச் சுவர் அகலத்துக்குத் தீட்டினார். பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம் 1980களில் ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் என்ற மலாய்த் தோல்பாவைக்கூத்துப் பாவைகளின் சாயலில் வரைந்து உலக அரசியலைக் கிண்டல் செய்தார். நம் வீட்டு வரவேற்பறைகளில் இவர்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யார் அது, டாக்டரா என்பார்கள்.

சரி, அந்தக் காலம் போய்விட்டது. 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கி இன்று அஸ்வாரா என்று அழைக்கப்படும் கல்விக்கூடம் ஜாலான் துன் இஸ்மாயிலில் இருக்கிறது. அங்கே வாயாங் கூலிட் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். கிளந்தான் வாயாங் கூலிட்டின் கதை எது? நம் இராமாயணம்தான். செரி ராமா, சித்தி டேவி, மகாராஜா வானா. திரைக்குப் பின்னால் விளக்கு, பக்கத்தில் செருனாய்க் குழல், இடையிடையே பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிகள். மலாய் இளைஞன் ஒருவன் உட்கார்ந்து இராவணனுக்குக் குரல் கொடுக்கிறான். அந்தக் கதையில் அனுமன் யார் தெரியுமா? இராமனுடைய மகன்! கம்பனை வைத்து வருடாவருடம் பட்டிமன்றம் நடத்தும் நமக்கு இதைவிடச் சுவையான சண்டை எங்கே கிடைக்கும்? போய் உட்கார்ந்து, "இது எப்படி ஐயா?" என்று பாவையாட்டும் தாலாங்கிடம் கேட்கலாம். கேட்டால் அவர்கள் மகிழ்வார்கள். நாம் போவதில்லை.

இனி உரை பற்றி. உரை என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டாவி விடுபவர்களுக்காக இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு கல்லூரியின் ஒத்திகை அறை. நாட்டிய ஆசிரியை ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். ஒப்பனை இல்லை, நகை இல்லை, சலங்கைகூடக் கட்டவில்லை. நந்தனார் கதையை எடுத்துக்கொண்டார். திருப்புன்கூர்க் கோயில் வாசல். உள்ளே போகக் கூடாது. வெளியில் நின்றாவது பார்க்கலாம் என்றால் நந்தி மறைக்கிறது. மேடையில் நந்தி கிடையாதே, எப்படிக் காட்டுவது? விரலால் கொம்பு பிடித்துக் காட்டலாம், அதை முதலாண்டுப் பிள்ளையும் செய்யும் என்றார். பிறகு இரண்டு கையையும் தொங்கவிட்டுவிட்டார். கழுத்தை மட்டும் இடப்பக்கம் சாய்த்து எட்டிப் பார்த்தார். வலப்பக்கம். குதிகாலை உயர்த்தி ஒரு தடவை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் காளை தெரிந்தது. எவ்வளவு பருமன் என்பதுகூடத் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு மலாய் மாணவன் எழுந்தான். "அந்த மாட்டை நகரச் சொல்லி அவர் ஏன் கேட்கவில்லை?" சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. கதையில் சிவனே நந்தியை விலகச் சொல்கிறார் என்று முதலில் விளக்கினார். பிறகு, கேட்கலாமா என்று வாய் திறந்து, கேட்காமல் மூடிக்கொள்ளும் ஒரு மனிதனை ஆடிக் காட்டினார். "இந்தத் தோள் இறங்குவதைப் பார். கேட்கிற பழக்கமே இவருக்கு இல்லை. பழகவே விடவில்லை." சாதி என்றால் என்ன என்று அந்த மாணவனுக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது. நம் பிள்ளைகளுக்கும்தான். அவர்கள் யாரும் அங்கே இல்லை. தமிழர் என்று பார்த்தால் ஆசிரியை, மிருதங்கக்காரர், நான்.

இதே கட்டத்தை அரங்கேற்ற மேடையில் ஆடும்போது, அத்தனை விளக்குக்கும் நகைக்கும் நடுவில் கழுத்தின் அந்தச் சாய்வு யார் கண்ணில் படும்? உரையைக் கேட்டவர் கண்ணில் படும். வர்ணம் நடக்கும்போது எழுந்து போகவும் அவருக்கு மனம் வராது. அதனால்தான் சொல்கிறேன், கண்காட்சி, உரை, நிகழ்ச்சி மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் உரைக்குப் போங்கள்.

கல்லூரிகளையும் சும்மா விடுவதற்கில்லை. நல்ல உரை எல்லாம் வேலைநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கிறார்கள், மாணவரையும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களையும் தவிர யார் வர முடியும்? அறிவிப்பு இன்ஸ்டாகிராமில் ஒரு நாள் மின்னிவிட்டு மறைகிறது. திறப்பு விழாக் கூத்து தனி. பிரமுகர் தாமதமாக வருவார். மாண்புமிகு, மதிப்பிற்குரிய என்று வரிசை முடியவே பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு "முகிபா" நடனம் என்று மலாய், சீன, இந்திய அசைவுகளை ஒன்றாக அரைத்து ஒரு பாட்டுக்குள் ஊற்றுவார்கள். நம் பெண்ணுக்கு அதில் கிடைப்பது சில அடவும் ஒரு கும்பிடும். வருடக்கணக்கில் உழைத்த உடம்பை ரிப்பன் வெட்டும்வரை நேரம் போக்கப் பயன்படுத்துவது எனக்குச் சகிக்கவில்லை. ஆட வைத்தால் முழுதாக ஒரு உருப்படி ஆட விடுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளை பாட்டுக்குக் கறிபாப் சாப்பிடட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை ஓவியம் படிக்கிறேன் என்றதும், "வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், பணம் உங்களுடையது. ஆனால் பதிலை மாமாவிடம் கேட்காதீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இறுதியாண்டுக் கண்காட்சிக்குப் போய், அங்கே நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள். எங்கே பயிற்சிக்குப் போனாய், எவ்வளவு கொடுத்தார்கள், உன் சீனியர் இப்போது என்ன செய்கிறார்? ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வார்கள். அனிமேஷன், மேடை விளக்கு, புத்தக வடிவமைப்பு என்று நீங்கள் நினைத்துப் பார்க்காத பதில்கள் வரும். ஏமாற்றமான பதில்களும் வரும். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படத்தின் விலையைக் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். விலை கேட்பது அவமரியாதை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மாணவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். அளவில் சிறிய அச்சுப்பிரதி ஒன்றை வாங்கிச் சாமியறைக்கு எதிர்ச்சுவரில் மாட்டலாம், சாமி கோபிக்காது.

பினாங்குக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே யு.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அருங்காட்சியகமும் கலைக்கூடமும் உண்டு. 2010இலிருந்து ஜார்ஜ்டவுன் விழா வேறு. லெபோ பாசாரில் மல்லிகைப்பூ வாங்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

கல்லூரிக்குள் நுழையக் கூச்சமாக இருந்தால் முதலில் பாலாய் செனி நெகாரா என்ற தேசியக் கலைக்கூடத்தில் பழகிக்கொள்ளுங்கள். மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) அடுத்த வருடம், 1958இல், பிரதமர் துங்கு திறந்துவைத்தது. இப்போது இஸ்தானா புடாயா அரங்கத்துக்குப் பக்கத்தில், ஜாலான் தெமெர்லோவில் இருக்கிறது. மாணவர் படைப்புகளும் அங்கே அவ்வப்போது வரும். தித்திவங்சா நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். காரில் போய்விட்டு, ஜாலான் துன் ரசாக் நெரிசலுக்கு என்னைத் திட்டாதீர்கள்.