காத்தாடிக்குச் சூத்திரம் எங்கே?

கோடை விடுமுறையில் சிறார் புத்தகங்களுக்கு வரைந்த படங்களைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைப்பது நல்ல வேலை. பம்பரம், வெளியூரில் பட்டம் என்கிற காத்தாடி, கோலி, நுங்கு வண்டி என்று ஒரு கூடம் நிறையக் கோடை. வட சென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இது நடக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். படங்களைப் பொறுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏழு வயசுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அந்த விளையாட்டை ஆட முடியுமா?

பெரும்பாலான படங்கள் இந்தக் கேள்வியில் தோற்பது கையில்தான். முகம் சிரிக்கும், மரம் அழகாக இருக்கும், கை மட்டும் தப்பாக இருக்கும்.

பம்பரத்தையே பாருங்கள். சாட்டையைப் பம்பரத்தின் தலைப்பக்கம் நூல்கண்டு மாதிரி சுற்றியிருப்பதாக வரைகிறார்கள். அப்படிச் சுற்றினால் பம்பரம் தரையில் உருளுமே ஒழிய நிற்காது. சாட்டை ஆணியில் தொடங்க வேண்டும். ஆணியை ஒரு சுற்று இறுக்கி, அங்கிருந்து உடம்பின் மேல் ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்று என்று ஏற வேண்டும். நடுவில் இடைவெளி விட்டாலும், சுற்றின் மேல் சுற்று ஏறினாலும் விடும்போது சறுக்கிவிடும். சாட்டையின் மறுமுனையில் முடிச்சு இருக்கும், அது விரலிடுக்கில் மாட்டும். பம்பரம் தரையில் சுழலும் நேரத்தில் சாட்டை பையன் கையில்தான் தொங்கும். படங்களில் அது காற்றில் பறக்கிறது, இல்லாவிட்டால் காணாமலே போய்விடுகிறது. சாட்டை கையில் இல்லாமல் எப்படி அபீட் எடுப்பது, அதாவது சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிப் பிடிப்பது?

காத்தாடிக்கு வருவோம். நூலை நேராகக் காத்தாடியின் வாலில் கட்டி வரைந்த படங்கள் நிறைய. சூத்திரம், அதாவது குச்சியில் கட்டும் இரட்டை நூல், இல்லாமல் இந்தக் காத்தாடி ஏறாது. நெட்டுக்குச்சியும் வளைந்த குச்சியும் சேரும் இடத்தில் ஒரு கட்டு, நெட்டுக்குச்சியில் கீழே ஒரு கட்டு, இரண்டு நூலும் சேரும் முடிச்சில்தான் கையிலிருந்து போகும் நூல். கீழ் நூல் மேல் நூலைவிட ஒரு விரற்கடை நீளமாக இருக்கும். கீழ் நூல் குட்டையானால் காத்தாடி மல்லாந்து காற்றை முழுசாக வாங்கும், கை வலிக்க இழுக்கும், மேலே போகாது. ஓவியருக்கு இது இரண்டு கோடு. அந்த இரண்டு கோடு இருந்தால் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிடும்.

காத்தாடிப் படத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பெற்றோரோடு பைக்கில் போன 3 வயசுக் குழந்தை மாஞ்சா கழுத்தை அறுத்து இறந்தது. கண்ணாடித் தூள் பூசிய நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆகவே ஒருவர் காத்தாடியை இன்னொருவர் அறுக்கிற டீல் விடுகிற படமோ, நூல் சுற்றும் லொட்டாயில் பளபளவென்று கலர் நூல் சுற்றிய படமோ வட சென்னைச் சுவருக்கு வேண்டாம். வெறும் பருத்தி நூல், கடற்கரை மணல், சுற்றிலும் வண்டி ஓடாத வெட்டவெளி. அப்படி வரைந்த படம் கிடைத்தால் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் காத்தாடியே இல்லாமல் நடத்துங்கள்.

அடுத்தது என் பெரிய ஆதங்கம். புத்தகங்களில் கோடை என்றாலே கிராமம். கிணறு, மாந்தோப்பு, பாட்டி வீடு. எல்லாம் அழகுதான். ஆனால் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் கல்லாங்காய் ஆடுகிற பிள்ளைக்கும், தெருவில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுகிற பிள்ளைக்கும், காசிமேட்டில் கரையேற்றிய படகுக்குப் பின்னால் ஐஸ்பாய் ஆட ஒளிகிற பிள்ளைக்கும் கோடை உண்டு. அந்தக் கோடையை யார் வரைந்திருக்கிறார்கள்? கேரம் போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி இளவழகியும் புது வண்ணாரப்பேட்டை காசிமாவும் உலக அளவில் வென்ற ஆட்டம் இது, இந்தத் தெருக்களின் ஆட்டம். அதன் படத்தில் காய்களை அள்ளித் தெளித்தாற்போல் வரைந்திருந்தால் இங்குள்ள பிள்ளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. மொத்தம் 19. கறுப்பு 9, வெள்ளை 9. ஸ்ட்ரைக்கர் தன் பக்கத்து இரட்டைக்கோட்டில்.

புத்தகப் படத்துக்கென்று ஒரு குணம் உண்டு. மேலே பாதிப் பக்கம் வெறும் வானமாக இருந்தால் ஓவியர் சோம்பல் பட்டார் என்று நினைக்காதீர்கள். எழுத்து வந்து உட்காருவதற்காக விட்ட இடம் அது. நடு மடிப்பில் முகம் சிக்கக்கூடாது என்று ஆட்களைப் பக்கவாட்டில் நகர்த்தியும் வரைவார்கள். எழுத்தில்லாத ஓவியத்தை மட்டும் மாட்டினால் இதெல்லாம் குறையாகத் தெரியும். பக்கத்திலேயே அச்சான புத்தகத்தை அதே பக்கத்தில் திறந்து வையுங்கள். பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

மாட்டுகிற உயரம். பெரியவர்களுக்கான கண்காட்சியில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. வரை இருக்கும். ஆறு வயசுப் பிள்ளையின் மொத்த உயரமே ஏறத்தாழ 115 செ.மீ. நடுப்பகுதி 100 செ.மீ.க்கு வரட்டும். பெரியவர்கள் கொஞ்சம் குனியட்டும்.

மூல ஓவியங்களைக் கடற்கரையோரச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது, உப்புக்காற்று குண்டூசியைத் துருப்பிடிக்க வைத்துத் தாளில் கறை ஏற்றும். நல்ல பிரதி போதும். ஏ3 அளவுக்கு 3508 × 4961 பிக்சல் இருக்கும் கோப்பை ஓவியரிடம் கேளுங்கள். வாட்ஸப்பில் போட்டோவாக வந்ததை அச்சடித்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், ட்யூப்லைட் பட்டுப் பளபளக்கும். மேட் தாளில் அடித்து 3 மி.மீ. சன்போர்டு என்கிற நுரை அட்டையில் ஒட்டுங்கள், வெறும் தாள் ஈரக்காற்றில் சுருண்டுவிடும். டபுள் சைடு டேப் மே மாத வெயிலில் இளகி மத்தியானத்துக்குள் படத்தைக் கீழே விட்டுவிடும், சுண்ணாம்புச் சுவரென்றால் சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழும். இரண்டு ஆணிக்கு நடுவே கொடிக்கயிறு, மரக் கிளிப். இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே தரையில் அந்தப் பொருளே இருக்கட்டும். சாட்டையோடு பம்பரம், ஐந்து கல், கேரம் போர்டு. படத்துச் சீட்டில் ஓவியர் பெயர், தெருவில் சொல்கிற விளையாட்டுப் பெயர், பிறகு எப்படி ஆடுவது என்று மூன்று வரி. ‘பட்டம்’ என்று எழுதாதீர்கள், இங்கே அது காத்தாடி. டைல்ஸ் தரையில் பாண்டிக் கட்டம் போடாதீர்கள், சில்லு வழுக்கிக்கொண்டே போகும். சிமென்ட் வாசல் சரியான இடம். பம்பரத்துக்கும் வாசல்தான், ஆணி டைல்ஸை உடைக்கும்.

கடைசியாக நேரம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து என்று போட்டால் அக்னி நட்சத்திரத்தில் யார் வருவார்கள்? கடற்காற்று வீசி வெயில் தாழ்ந்த பிறகுதான் பிள்ளைகள் தெருவுக்கு இறங்குவார்கள். மாலை நாலிலிருந்து எட்டரை வரை திறந்து வையுங்கள். கூடத்தின் சாவியை வைத்திருப்பவர் எட்டரை வரை இருப்பாரா என்பதை, படங்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.