ஈரக் குப்பைக்குத் தனி வண்டி கேட்போம்

மாநகரின் குப்பைக் கிடங்கு இருக்கும் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். நான் அவர்கள் பக்கம். புகையும் சாம்பலும் போதுமான காரணங்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளிலிருந்து போகும் குப்பையில் ஏறக்குறைய பாதி சோறு, காய்கறித் தோல், மீன் செதில், வாழையிலை. ஈரம் ஊறிய இந்தப் பாதியை எரிக்க வேண்டுமானால் முதலில் அதிலுள்ள நீரை ஆவியாக்க வேண்டும். வெப்பத்தில் கணிசமான பங்கு அதற்கே செலவாகிவிடும். எரிக்கவும் லாயக்கில்லாத, கொட்டவும் கூடாத அந்தப் பாதியை என்ன செய்வது என்பதுதான் சென்னையின் குப்பைப் பிரச்சினை. அதற்குப் பதில் கிடைத்தால், குப்பையிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவின் பிரச்சினையும் பெருமளவு தீரும்.

ஏன் கொட்டக் கூடாது என்கிறேன்? வாழைப்பழத் தோல் தோட்டத்து மண்ணில் கிடந்தால் காற்றுப் பட்டு மக்கும். வெளிவருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதே தோல் பாலித்தீன் பைக்குள் முடிச்சுப் போடப்பட்டு, லாரியில் நசுங்கி, குப்பை மலையின் அடியில் புதைந்தால் அங்கே காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது. ஆனால் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளே நிலைக்கும். இன்று குறைத்தால் பலனை நாமே கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி. கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

தீயையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே மூச்சுத் திணறியது. அடுத்த மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு கிட்டத்தட்ட இரண்டு வாரம் புகைந்தது. உள்ளே மீத்தேன் ஊறிக்கொண்டிருக்கும் மலையில் ஒரு பொறி விழுந்தால் தண்ணீர் லாரிகளால் எளிதில் அணைக்க முடிவதில்லை.

டெல்லி, மும்பை, லாகூர், புவெனஸ் ஐரிஸ் ஆகிய நகரங்களின் மீத்தேனையும் அங்குள்ள குப்பைக் கிடங்குகளின் மீத்தேனையும் செயற்கைக்கோள் கொண்டு அளந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. வழக்கமான கணக்கேடுகளில் உள்ளதைவிட இந்த நகரங்கள் 1.4 முதல் 2.6 மடங்கு வரை அதிகம் வெளியிடுவதாக அது சொன்னது. கிடங்கில் குழாய் பதித்து வாயுவைப் பிடித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். குழாய் பதித்த அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். கிடங்குகளில் உணவுக் கழிவு உண்டாக்கும் மீத்தேனில் 61 சதவீதம் அந்தக் குழாய்களில் சிக்காமலே தப்பிவிடுகிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2023இல் கணக்கிட்டிருக்கிறது. சோறும் காய்கறியும் வேகமாக அழுகுபவை. குழாய் வந்து சேர்வதற்குள் வாயு போய்விடுகிறது. ஆகவே ஈரக் குப்பை கிடங்கு வாசலை மிதிக்கவே கூடாது.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பயோமைனிங் (பழைய குப்பை மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை) நடப்பதை நான் வரவேற்கிறேன். கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பையைச் சலித்து எடுக்க 640 கோடி ரூபாய்த் திட்டம். பெருங்குடி கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கரையில் இனி ஒரு பிடி குப்பைகூடக் கிடக்கக் கூடாது. ஆனால் ஒரு பக்கம் பழைய மலையைச் சலித்துக்கொண்டு, மறுபக்கம் கலப்புக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருந்தால், பத்தாண்டு கழித்து இன்னொரு டெண்டர் விட வேண்டியிருக்கும்.

எல்லாம் வண்டியில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பல வீடுகளில் மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி. வரும் பேட்டரி வண்டியில் தடுப்பே இல்லை. இரண்டும் ஒரே தொட்டியில் விழுகின்றன. பிரித்துக் கொடுத்த பெண்மணி கண்ணெதிரே அதைப் பார்க்கிறார். மறுவாரம் அவரும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறார். அவரிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. வண்டி ஓட்டும் பணியாளரிடமும் இல்லை. இத்தனை வீடு, இத்தனை நேரம் என்று கணக்கு வைத்து விரட்டப்படுகிறவர், வெறுங்கையால் அடுத்தவர் எச்சிலைப் பிரித்துக்கொண்டா நிற்பார்? அள்ளும் குப்பைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஒப்பந்தம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் குப்பை குறைவதில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம்தான்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். காலநிலை பற்றிப் பேசும் நண்பர்களில் பலர் அதைத் தொழிலாளர் பிரச்சினை என்று கடந்துபோனது எனக்கு வருத்தம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "அம்மா, இதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தூய்மைப் பணியாளர்தான். அவருக்கு நிரந்தர வேலை, கையுறை, தடுப்பு வைத்த வண்டி, கௌரவமான சம்பளம் கொடுப்பதைவிட நல்ல மீத்தேன் திட்டம் என்ன இருக்கிறது?

குப்பையைப் பிரித்து அங்கங்கே மக்க வைப்பதைக் கேரளத்தின் ஆலப்புழை நகரம் செய்து காட்டியிருக்கிறது. சர்வோதயபுரத்தில் நகரக் குப்பையைக் கொட்டவிடாமல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். வேறு வழியில்லாத நகரம் 2012 வாக்கில் குப்பையை அதது பிறந்த இடத்திலேயே மக்க வைக்கத் தொடங்கியது. வீடுகளுக்குக் குழாய் உரக் கலன், சிறு எரிவாயுக் கலன். இடமில்லாதவர்களுக்குத் தெருமுனையில் தும்பூர்முழி முறைத் தொட்டி. அந்தத் தொட்டியில் ஒரு ரகசியமும் இல்லை. காற்றுப் புக இடைவெளி விட்ட சுவர், சாணக் கரைசல், காய்ந்த சருகு, அதன்மேல் ஈரக் குப்பை, மறுபடி சருகு என்று அடுக்கு. சுமார் மூன்று மாதத்தில் உரம். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தூர் இருக்கிறது: நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை வாயுவாக்கும் ஆலை 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த ஊர் வீட்டு வாசலில் பிரித்து வாங்கப் பழகிவிட்டது. அந்த வரிசை மாறினால் ஆலைக்குப் பிளாஸ்டிக்தான் போய்ச் சேரும்.

நம் ஊரிலும் நுண் உர மையங்கள் (அந்தந்தப் பகுதி ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கும் சிறு கூடங்கள்) உண்டு. நாற்றம் அடிக்கிறது, எங்கள் தெருவில் வேண்டாம் என்று மனுக் கொடுக்கிறோம். சருகு சேர்க்காமல், கிளறிவிட ஆளில்லாமல் ஈரத்தை மட்டும் குவித்தால் நாறத்தான் செய்யும். அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது நியாயம். மையமே வேண்டாம் என்பதற்கு என்ன பொருள்? என் வீட்டுச் சோறு கொடுங்கையூர்க்காரர் மூக்கின் கீழே அழுகட்டும் என்பதுதான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

முன்பெல்லாம் கழுநீரும் காய்த்தோலும் மாட்டுக்குப் போயின, மிச்சம் எருக்குழிக்குப் போனது. அடுக்குமாடியில் மாடு வளர்க்கச் சொல்லவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் இடம் இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவர்கள் முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே ஈரக் குப்பையைக் கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. முதலில் அவர்களிடமிருந்து தொடங்கலாம். கோயம்பேட்டுச் சந்தையின் காய்கறிக் கழிவில் பிளாஸ்டிக் குறைவு. எரிவாயு எடுக்க அதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது. அங்கே அமைத்த ஆலையின் அளவு நாளொன்றுக்கு 30 டன்தான். சேரும் கழிவோ அதைப் போலப் பல மடங்கு.

உங்கள் வார்டில் பகுதி மக்கள் கூடிப் பேசும் அடுத்த ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது தயவுசெய்து போங்கள். கவுன்சிலரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். இந்த வார்டிலிருந்து கிடங்குக்குப் போகும் ஈரக் குப்பை எத்தனை டன்? தடுப்பு வைத்த வண்டிகள் எத்தனை? மண்டபங்களும் ஹோட்டல்களும் விதியைப் பின்பற்றுகின்றனவா என்று கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள்? கிடைக்கும் பதிலை இங்கே கருத்துப் பகுதியில் போடுங்கள். வார்டு வாரியாகத் தொகுத்து மாநகராட்சிக்கு அனுப்பும் வேலையை நான் செய்கிறேன்.