ஆனந்திபாய் ஜோஷி மதம் மாறித்தான் டாக்டர் ஆனாரா?

"மதம் மாறியதால்தான் ஆனந்திபாய் ஜோஷிக்கு அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு கிடைத்தது, திரும்பி வந்து பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார்" என்று, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான அவரைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மதம் மாறினால் உதவுவதாக மிஷனரி ராயல் வைல்டர் சொன்னது உண்மை. ஆனால் ஆனந்திபாயும் கணவர் கோபால்ராவும் அதை ஏற்கவில்லை. உதவி கேட்டு கோபால்ராவ் வைல்டருடன் நடத்திய கடிதப் போக்குவரத்து ஒரு மிஷனரி இதழில் அச்சாக, பல் வைத்தியரிடம் காத்திருந்த வேளையில் அதைப் படித்த நியூ ஜெர்சியின் தியோடிசியா கார்ப்பென்டர் தானாகவே ஆனந்திபாய்க்குக் கடிதம் எழுதினார். முன்பின் பார்க்காத இருவர் சித்தி, மகள் போல ஆனது தபாலில்தான்! இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்புவேன் என்று 1883இல் வங்காளத்தின் செராம்பூரில் நடந்த கூட்டத்தில் ஆனந்திபாய் வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, வைத்தியம்? 1886 மார்ச்சில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுப் பொறுப்பு காத்திருந்தது. காசநோய் விடவில்லை, 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் இறந்தார். வயது 21.

அமெரிக்க எழுத்தாளர் கரோலின் டால் 1888இல் எழுதிய ஆனந்திபாயின் வாழ்க்கை வரலாற்றில் இவற்றைச் சரிபார்க்கலாம். கல்லூரிக்கு ஆனந்திபாய் எழுதிய விண்ணப்பக் கடிதம் டிரெக்சல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.