அளப்பதும் அளந்து விடுவதும்

புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் வாசலில் கார்பன் அளவு காட்டுகிற மின்பலகை மாட்டி, அதன் படத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே நான் போட்ட நாலு வரிக் கமெண்ட்டுக்கு நேற்று ராத்திரி வரை நூற்றுச் சொச்சம் பதில்கள், அதில் முக்கால்வாசி என்னைப் பற்றி. கார்பனைப் பற்றி மூன்றோ நாலோ இருக்கும். "மேடத்துக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது" என்று எழுதியவர் என்னோடு கல்லூரியில் படித்தவர், என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். சரி, போகட்டும்.

நான் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பலகை அளப்பது எந்தக் கார்பனை? குடியிருப்பு வாசலில் பச்சை எழுத்தில் ஓடுகிற அந்தப் பலகையில் "கார்பன் 0.6, நன்று" என்று வருகிறது. அதை வைத்துத்தான் "கார்பன் குறைந்த புறநகர்" என்று விளம்பரமும் வருகிறது. பலகையின் ஓரத்தில் சின்னதாக சி.ஓ. என்று போட்டிருக்கிறது, சி.ஓ.2 என்று கூட இரண்டு கிடையாது. அது கார்பன் மோனாக்சைடு. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அந்த 0.6. மூச்சுக்கு விஷம், அதை அளப்பது நல்லதுதான், நான் வேண்டாம் என்றேனா? ஆனால் பூமி சூடாகிறது என்று பேசும்போது நாம் சொல்வது கார்பன் டை ஆக்சைடை. அது காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்குக்கு மேல் போய்விட்டது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் 280 இருந்தது. அது 0.6 ஆக இருந்தால் அந்தக் குடியிருப்பின் வாசலில் வைத்திருக்கிற அரளிச் செடிகூட உயிரோடு இருக்காது.

நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டில் எட்டுப் பொருட்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். தூசியில் இரண்டு வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். கார்பன் டை ஆக்சைடு அதில் இல்லை. அந்தக் குறியீட்டில் "நன்று" என்று வந்தால் மூச்சு விடலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். இல்லாத ஒன்றை அளந்ததாகப் பலகை மாட்டினால் அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: அளந்து விடுவது.

அப்பா மதுராந்தகத்தில் அரிசிக் கடை வைத்திருந்தார். படியில் அரிசியை அள்ளி உள்ளங்கையால் தலை வழித்துத்தான் போடுவார். வழிக்கும்போது விளிம்பில் இருந்து நாலு அரிசி கோணி மேல் சிந்தும். சாயங்காலம் கடை மூடும்போது சிந்தியதைக் கூட்டி அள்ளினால் சில நாள் ஒரு படிக்கு மேலேயே வரும். "இது யார் கணக்குப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு, கோழிக்குப் போடச் சொல்வார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையின் கார்பன் கணக்கில் புறநகர் என்பது அந்தக் கோணி மேல் சிந்துகிற அரிசிதான்.

கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 ஜூனில் சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் வந்தது, 2050க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது விடுகிற அளவும் திரும்ப உறிஞ்சுகிற அளவும் சமமாக வேண்டும் என்று இலக்கு. அதில் 2018-19க்கான கணக்கு போட்டிருக்கிறார்கள்: சூடேற்றும் வாயுக்களை எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 1.44 கோடி டன், ஆளுக்கு சுமார் 1.9 டன். நல்ல வேலை, உட்கார்ந்து படித்தேன், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற 426 சதுர கிலோமீட்டருக்கான கணக்கு. 2022இல் பெருநகரப் பகுதி என்று விரித்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டர். படி எவ்வளவு, கோணி எவ்வளவு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 426கூட 2011க்கு முன்னால் 174 தான். பெருங்குடிக் குப்பைமேடும் கத்திவாக்கமும் அப்போது சேர்த்தவை. அதாவது ஒரே குப்பை, ஒரே புகை, எல்லைக் கோட்டை நகர்த்தியதும் திடீரென்று சென்னையுடையது ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது புகைக்கு எல்லைக் கோடு தெரிந்த மாதிரி இல்லை.

வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், மாநகராட்சிக்கு வெளியே நிற்கின்றன. நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், நகரத்தில் எரிகிற பல்புக்கான புகை நகரத்தின் கணக்கில்தான் வருகிறது, உலக அளவிலான கணக்கு முறையே அப்படித்தான். சாம்பல் மட்டும் அத்திப்பட்டு பக்கம் விழுகிறது.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். ஊரப்பாக்கத்தில் இருந்து கிண்டி ஆபீசுக்குப் போய்வர ஸ்கூட்டரில் ஐம்பது கிலோமீட்டர், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக நாளைக்கு இரண்டரை கிலோ. எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டர் ஏப்ரலில் 90 லிட்டர் டீசல் குடித்தது, லிட்டருக்கு 2.7 கிலோ என்று போட்டால் இருநூற்று நாற்பது கிலோவுக்கு மேல். தினமும் தண்ணீர் லாரி இரண்டு நடை, எங்கோ ஒரு வயல் கிணற்றில் இருந்து. குழாய்த் தண்ணீர் வந்தால் அந்த லாரியே வேண்டாம், ஆனால் அது வேறு கதை. பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான், அதில் இருந்து வருவது மீத்தேன். நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல இருபத்தெட்டு மடங்கு சூடேற்றும். காலி மனையில் சாயங்காலம் எரிகிற குப்பையைக் கணக்கில் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. இதில் எது அந்தப் பலகையில் ஓடுகிறது? பெட்ரோல் எந்த பங்க்கில் போட்டோம் என்று பார்த்துக் கணக்கு எடுத்தால், ஊரப்பாக்கத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிண்டியில் புகை விடுகிற நான் சென்னையின் கணக்கிலேயே இல்லை.

"அப்படியானால் ரயிலில் போகவேண்டியதுதானே?" தெரியும், இது வரும் என்று. வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். மற்ற நாள் ஆபீஸ் முடிய எட்டரை ஆகிறது, ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருட்டு. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

"அமெரிக்காக்காரன் விடாத புகையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அவன் நம்மைவிடப் பல மடங்கு விடுகிறான், சந்தேகமே இல்லை. அதற்காக இந்தப் பலகை உண்மையாகிவிடுமா? அமெரிக்காவை இழுத்ததால் சொல்கிறேன், சால்ட் லேக் சிட்டியில் வருடக்கணக்காகக் கார்பன் டை ஆக்சைடை நிஜமாகவே அளக்கிறார்கள், டிராம் கூரை மேல் கருவி வைத்து ஊரைச் சுற்றி அளந்தும் இருக்கிறார்கள். வயலும் காடுமாக இருந்த இடம் புறநகராக மாறிய பக்கத்தில் அளவு ஏறியிருக்கிறது, ஏற்கெனவே நெருக்கமாக இருந்த நகரத்தில் ஆட்கள் கூடியும் அப்படி ஏறவில்லை என்று 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். படித்துவிட்டு எங்கள் ஏரிக்கரையை நினைத்துக்கொண்டேன். புறநகர் என்றாலே மரம், காற்று, சுத்தம் என்று மனை விற்கிறவர்கள் சொல்லலாம். அளந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

"நீயே ஒரு மீட்டர் வாங்கி அளந்துகொள்" என்று ஒருவர் கிண்டல் அடித்தார். வாங்கினேன் சார், போன வருடமே. மொட்டை மாடியில் வைத்தால் விடியற்காலை ஒரு எண், மதியம் அதைவிடக் குறைவாக ஒரு எண். விடியலில் காற்று அசையாமல் தரையோடு கிடக்கும், செடிகளும் ராத்திரி முழுக்க மூச்சு விட்டிருக்கும், அதனால் ஏறும். மதியம் காற்று கலைந்து குறையும். ஊர் விடுகிற புகை இந்த 420க்கு மேலே கொஞ்சம்தான் கூட்டும், என் மீட்டரோ ஐம்பது முன்னேபின்னே காட்டுகிற ஜாதி. அதனால்தான் அதை வைத்து நான் பலகை மாட்டவில்லை. அடுப்பங்கரையில் ஜன்னலைச் சாத்திவிட்டு சமைத்தால் 1,500 தாண்டுகிறது, ஜன்னலைத் திறந்து வைக்கப் பழகினேன். மீட்டரால் எனக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

"நல்லது செய்கிறவர்களை உற்சாகப்படுத்தக்கூடாதா?" இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. எதற்கு உற்சாகம்? கோயம்பேட்டில் இருந்த வெளியூர் பஸ்ஸை 2023 டிசம்பர் கடைசியில் எங்கள் ஊரை ஒட்டிய கிளாம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே. மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடித்த ஜனங்கள் விட்ட புகை யார் கணக்கு? நகரத்துக்கு வேண்டாத குப்பை, சாம்பல், பஸ், கூட்டம் எல்லாம் எங்கள் பக்கம் வரலாம், கணக்கு மட்டும் வராது. நாங்கள் கேட்டால் "மேடத்துக்கு எரிச்சல்". ஆமாம், எரிச்சல்தான். இருபது வருடமாக விலாசம் எழுதும்போது சென்னை என்று போடுகிறேன், ஆன்லைன்காரன் மட்டும் "உங்கள் பகுதி சென்னையில் இல்லை" என்று டெலிவரிக்குத் தனிக் காசு கேட்கிறான்.

அந்தக் கல்லூரி நண்பருக்கு: உன்னை நான் பிளாக் செய்யவில்லை, நீதான் செய்திருக்கிறாய், அதனால் இதை நீ படிக்கப் போவதில்லை. யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள், தெரியும். பலகை மாட்டியவர்களிடம் ஒன்று கேட்டுச் சொல். ஜெனரேட்டருக்கு மாதம் எத்தனை லிட்டர் டீசல், எத்தனை லாரி தண்ணீர், கரண்ட் எத்தனை யூனிட்? மூன்று எண்தான். செயலாளர் மேஜை இழுப்பறையில் பில்லாகவே கிடக்கும். பெருக்கிக் கூட்டுகிற வேலையை ஞாயிற்றுக்கிழமை நானே வந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம்.