கொழுந்து வெளுத்தால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

போன ஆடிப்பட்டத்தில் எங்கள் மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) முப்பதாம் நாளே வெளுக்க ஆரம்பித்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்றபடியே, "யூரியாவைத் தூவு தம்பி, பச்சை பிடிச்சுக்கும்" என்றார். உரக்கடையிலும் அதையேதான் சொன்னார்கள். தூவினேன். பிடிக்கவில்லை.

அப்பாதான் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். அடி இலை பச்சையாக இருந்தது, கொழுந்து மட்டும் மஞ்சள். யூரியா கொடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதலில் அடி இலைதான் பழுக்கும், செடி அங்கிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். கந்தகம் அப்படி எளிதில் நகராது, அது குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும். இரும்புக் குறையிலும் கொழுந்து வெளுக்கும், ஆனால் நரம்பு பச்சையாக நிற்கும். எங்கள் செடியில் நரம்பும் வெளுத்திருந்தது, அப்படியென்றால் கந்தகக் குறைதான்.

"சூப்பர் போட்டியா?" என்று கேட்டார். சூப்பர் பாஸ்பேட் உரத்தைத்தான் அப்படிச் சொல்வோம். போடவில்லை, டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) போட்டிருந்தேன்.

அவர் காலத்தில் அடியுரம் என்றால் சூப்பர், மேலுரம் என்றால் அமோனியம் சல்பேட். பாறைப் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான் சூப்பர் செய்கிறார்கள். அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 16 சதவீதம், கூடவே 11 சதவீதம் கந்தகம். 1906-லேயே நம் ராணிப்பேட்டையில் இதற்கு ஆலை வந்துவிட்டது. அமோனியம் சல்பேட்டிலும் கந்தகம் 23 சதவீதத்துக்குக் குறையாது. கந்தகம் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் டிஏபியும் யூரியாவும் வந்தன. மூன்று மூட்டை சூப்பரின் மணிச்சத்து ஒரே மூட்டை டிஏபியில் கிடைக்கும்போது யார்தான் மூன்றைச் சுமப்பார்கள்? நானும் சுமக்கவில்லை. ஆனால் அந்த இரண்டிலும் கந்தகம் துளியும் கிடையாது. எண்ணெய் வித்துக்கோ அது இல்லாமல் ஆகாது.

சரி, மண்ணைச் சோதித்து அரசு கொடுக்கும் மண்வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். அதில் எங்கள் கொல்லைக்குக் கந்தகம் 'போதுமானது'! எனக்குக் கோபமே இந்த இடத்தில்தான். மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. ஏறக்குறைய 25 ஏக்கர், எத்தனை பேருடைய கொல்லையோ! எங்கள் மூன்று ஏக்கரிலேயே மேடு செம்மணல், ஏரியோரம் களி. தனித்தனியாக மண் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே போனால் குறை என்பார்கள். ஏரியோரம் அதைத் தாராளமாகத் தாண்டியது, மேடு பாதியைக்கூடத் தொடவில்லை. இரண்டையும் கலந்தால் 'போதுமானது' வரத்தானே செய்யும்?

ஆழமும் ஒரு சிக்கல். மாதிரி எடுப்பது மேல் 15 சென்டிமீட்டரில். செடி எடுக்கும் கந்தக வடிவமான சல்பேட்டோ மழையோடு மணலில் இறங்கி, கீழே களி இருந்தால் அங்கே தங்கும். சில வருடம் ஒன்றுமே போடாமல் ஐம்பதாம் நாளுக்கு மேல் செடி தானாகப் பச்சை திரும்புவது இதனால்தான், வேர் கீழே போய் எட்டிப் பிடித்துவிடுகிறது. யூரியா தூவியவர் யூரியா காப்பாற்றியது என்பார். மல்லாட்டை தன் தழைச்சத்தை வேர் முடிச்சிலேயே செய்துகொள்ளும் பயிர், அந்த முடிச்சு வேலை செய்யவும் கந்தகம் வேண்டும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

பாக்கெட்டில் வரும் 90 சதவீதக் கந்தகத்தை அவசரத்துக்கு நம்ப வேண்டாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சல்பேட்டாக மாற்றிய பிறகுதான் செடி எடுக்கும். ஜிப்சம் அப்படியல்ல, அதில் கந்தகம் சல்பேட்டாகவே இருக்கிறது. ஏக்கருக்கு 160 கிலோ, நாற்பது நாற்பத்தைந்தாம் நாள் ஈரம் பார்த்துப் போட்டு, கொத்தி மண் அணைக்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் நேராகவே எடுத்துக்கொள்ளும், பருப்பில்லாத பொக்குக் காய் குறையும். போன பட்டத்தில் நான் போடும்போது அறுபது நாள் தாண்டிவிட்டது. மேட்டில் பிடுங்கிய காயை உடைத்தால் பாதி பொக்கு.

இந்தப் பட்டத்துக்கு மேட்டுக்கு மட்டும் அடியுரமாகச் சூப்பர் போடலாம் என்று நேற்று கடைக்குப் போனோம். "சூப்பர் இல்லீங்க, டிஏபி எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். நான் பர்ஸை எடுத்துவிட்டேன். வண்டியை விட்டு இறங்காமலே அப்பா, "எப்ப வரும்னு கேளு, அன்னைக்கு வரலாம்" என்றார்.