அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்

இன்று காலை ஆறு மணிக்கு, தேநீரை இன்னும் வாயில் வைக்காத நேரத்தில், அந்த வட்டா, வெற்றிலை வைத்துக் கொடுக்கும் கால் உள்ள தட்டு, ஒரு முகநூல் விற்பனைப் பக்கத்தின் பதிவாக மறுபடியும் என் கைபேசித் திரையில் வந்து நின்றது. அதே படம், அதே சிவப்புப் பட்டுத்துணி விரிப்பு, அதே இரண்டு வெற்றிலை. “நூறு வருடப் பழமை, மட்டக்களப்புப் பாரம்பரியம், முழுக்கக் கைவேலை, ஒரே ஒரு பீஸ்தான் உண்டு, முந்துபவர்களுக்கே.” அந்த ஒரே ஒரு பீஸ் மூன்று வாரங்களாக என் குசினியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 16,500 ரூபாய் கொடுத்து அதை வாங்கியவள் நான். இன்றைய பதிவில் அதன் விலை 19,000.

எனக்கு வந்த கோபத்தில் தேநீர் ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. இப்படிப் பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அந்தப் படங்களையும், அந்த “இன்பொக்ஸ் வாங்க” என்ற பதிலையும், காசு கைமாறிய மறுநிமிடமே மாறிவிடும் குரலையும் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது எனக்கு நடந்த ஒன்றை மட்டும், ஆனால் அதை முழுதாகச் சொல்லாமல் விடப்போவதில்லை.

எங்கள் அம்மம்மாவிடம் ஒரு பித்தளை வட்டா இருந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்து, சுவர் சரிந்து, தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்தபோதும் அது சேற்றுக்குள் இருந்து முழுதாக வெளியே வந்தது. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு, வீட்டில் அரிசி இல்லாத ஒரு நாளில், பழைய பித்தளை எடுக்க வந்த வியாபாரியிடம் அம்மா அதைக் கொடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வியாபாரி அதன் விளிம்பில் இருந்த பூவேலையைப் பார்க்கவில்லை, காலின் கடைசலைப் பார்க்கவில்லை; தராசில் போட்டு, நிறைக்கு விலை சொன்னார். அம்மா திண்ணையில் நின்று, அது சாக்குக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை வைக்க ஒரு பழைய வட்டா வேண்டும் என்று நான் தேடத் தொடங்கியது அந்த நினைவில்தான். அலங்காரத்துக்கு அல்ல.

அந்தப் பக்கத்தில் கேட்டேன். எவ்வளவு பழையது என்று கேட்டேன், நூறு வருடம் என்றார்கள். பித்தளைதானா என்று கேட்டேன், “சுத்தப் பித்தளை அக்கா, இப்ப இப்பிடிச் செய்ய ஆளில்லை” என்றார்கள். நிறை எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், ஆனால் அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றும் கேட்டேன். “பொருள் பெக் பண்ணியாச்சு அக்கா” என்றார்கள்.

பார்சல் வந்த நாளில், கொண்டுவந்த தம்பி கல்லடிப் பாலத்தில் இருந்தே அழைத்தார். காசைத் தந்தால்தான் திறக்கலாம் என்பது அவர்களுடைய விதி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வெயிலில் நனைந்து வந்த பிள்ளை. எண்ணிக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். ஒரு கையே போதுமாக இருந்தது. அந்த இடத்திலேயே என் நெஞ்சு திடுக்கிட்டது. மூன்று சுற்று டேப்பை வெட்டி, குமிழ்த்தாளைப் பிரித்து, கசக்கித் திணித்த பத்திரிகைகளை இழுத்து எடுத்தபோது முதலில் வந்தது வார்னிஷ் நெடி. பழைய பித்தளையை மூக்கின் அருகே வைத்தால் புளியும் உலோகமும் கலந்த ஒரு மணம் இருக்கும். வீட்டில் பித்தளை விளக்கிய எவருக்கும் அது தெரியும். இதில் புதிதாகப் பெயின்ட் அடித்த கேற்றின் நெடி.

அம்மா அதைக் கையில் வாங்கினார். ஒருமுறை தூக்கிப் பார்த்தார், இறக்கினார். “என்ன கா இது, பாரமே இல்ல? நம்மட வட்டாவைத் தூக்கினா மணிக்கட்டு நோகும் புள்ள” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

அக்காவின் இளைய மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். உடைந்த ஸ்பீக்கர் ஒன்றில் இருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்து தட்டின் மேல் பிடித்தான். டக்கென்று ஒட்டியது. காலில் வைத்தான், ஒட்டியது. வட்டாவையே தலைகீழாகப் பிடித்தான், காந்தம் விழாமல் தொங்கியது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. அதில் காந்தம் ஒட்டாது, இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். பிறகு அம்மா புளியை ஊறவைத்து, சாம்பலும் சேர்த்துத் தேய்த்தார். நல்ல பித்தளையில் கறுப்புப் போனால் உள்ளிருந்து மஞ்சள் எழுந்து வரும். இதில் பழமை என்று அவர்கள் காட்டிய அந்தக் கறுப்பு, சப்பாத்து மை போல அம்மாவின் விரல்களில் வந்தது. அடுத்துத் தேய்த்த தேய்ப்பில் விளிம்பின் மஞ்சளும் போனது. கீழே சாம்பல் நிறத் தகரம். காலையும் தட்டையும் பற்றவைத்த இடத்தில் ஒரு பொட்டு உருகிக் கட்டியாக நின்றது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரின் உப்புக்காற்றில் நான்காம் நாள் அந்தப் பொட்டைச் சுற்றிச் செம்மஞ்சள் துரு பூத்துவிட்டது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். துரு ஏறாது.

காந்தம் தொங்குவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் நீலக் கோடு விழுந்தபடியே இருந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்த பதில்: “அக்கா, அந்தக் காலத்துப் பித்தளையில இரும்பு கலந்துதான் செய்வாங்க.” அந்தக் காலத்துப் பித்தளையோடு வளர்ந்த எனக்கு இந்தப் பாடம். நூறு வருடம் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எங்களுக்குத் தந்தவர் அப்பிடித்தான் சொன்னவர்.” தந்தவர் யார்? பதில் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல அக்கா, பேஜில போட்டிருக்கு.” பற்றவைத்த பொட்டையும் பெயின்ட் உரிந்த இடத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினேன். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது, என் உறக்கத்தைக் கெடுத்த சொல்: “கைவேலை எண்டா முன்னப்பின்னத்தான் இருக்கும் அக்கா.”

அதற்குப் பிறகு, நான் அவர்களுக்கு எதுவும் எழுத முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார்கள்.

16,500 ரூபாயை நான் மறந்தாலும் இந்தச் சொல்லை மன்னிக்க மாட்டேன். கைவேலையை இழிவுபடுத்த இதைவிடக் கேவலமான வாக்கியம் வேறொன்று இல்லை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு மாமி பன்பாய் இழைக்கிறார். சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று பன் என்ற புல்லை வெட்டி, வெயிலில் பரப்பிக் காயவைத்து, சாயத்தோடு அவித்து, நிறம் ஏறியதை மறுபடி உலர்த்தி, அதன் பிறகுதான் நிலத்தில் குந்தி இழைக்கத் தொடங்குவார். ஒருநாள் நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நான்கு விரல் அகலம் இழைத்து முடித்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஒரு பன் தள்ளி விழுந்திருப்பதைக் கண்டார். எனக்கு அது தெரியவே இல்லை. காட்டிய பிறகும் குனிந்துதான் பார்த்தேன். அவர் ஒரு பேச்சும் பேசாமல் அந்த நான்கு விரலையும் பிரித்தார். ஒன்றரை மணி நேர வேலை. “படுக்கிறவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே” என்றார். கை நடுங்கினால் ஓர் இழை தடிப்பாக விழலாம், பாயின் ஓரம் ஒரு நூல் வளையலாம். அது கையின் அடையாளம். பெயின்ட் பூசிய தகரம் கையின் அடையாளம் அல்ல. தங்கள் பொய்க்கு மாமியின் விரல்களைச் சாட்சிக்கு இழுக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

மாமியின் மகள் அந்தப் பாய்களை முகநூலில் போட்டு விற்கப் பார்க்கிறாள். அவளிடம் வருகிற முதல் கேள்வி என்ன தெரியுமா? “உண்மையாகவே கையால் செய்ததா? வீடியோ அனுப்புங்கள்.” மாமி இழைப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால், “வீடியோ வேறு ஆளுடையதாகக்கூட இருக்கலாம்” என்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களும் என்னைப்போல் எங்கோ ஒரு தகரத்தை வாங்கியவர்களாக இருப்பார்கள். பொய் சொன்னவர் 19,000 கேட்கிறார், உண்மையாக இழைத்தவர் தன் கையைத் தானே நிரூபித்துக்கொண்டு 2,500க்கு மன்றாடுகிறார். போன மாதம் வேறொரு பக்கத்தில் மாமியின் பாயின் படத்தையே கண்டோம். இயந்திரத்தில் செய்த பாய்களை விற்கிற பக்கம் அது. படத்தின் வலது மூலையில் மாமியின் கால் பெருவிரல் தெரிகிறது, நகம் வெடித்த அந்த விரலை எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். விரலை வெட்டி நீக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

துணியிலும் இதே கதைதான். மருதமுனைக் கைத்தறி என்று சொல்லி எனக்கு ஒருமுறை அனுப்பிய சேலை, முனையில் இருந்து முனைவரை அச்சடித்தது போல ஒரே நெருக்கத்தில் இருந்தது. கையால் நெய்கிறவர் குறுக்கு நூலான ஊடையை அடிக்கும் விசை காலையில் ஒரு மாதிரி, களைத்த மாலையில் ஒரு மாதிரி; துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது தெரியும். 2004 சுனாமியில் தறிகளை இழந்து, மறுபடி தறி போட்டு நெய்த ஊரின் பெயர் அது. அந்தப் பெயரை ஒரு ஸ்டிக்கராக்கி ஒட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பற்றி எரிகிறது.

வெளிநாட்டில் இதற்கு ஒரு வரையறையாவது எழுதி வைத்திருக்கிறார்கள். கைவினைப் பொருட்களையும் பழைய பொருட்களையும் விற்பதற்கென்று 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்சி என்ற இணையச் சந்தையில், ஒரு பொருளை ‘வின்டேஜ்’ என்று சொல்ல அதற்குக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2013இல் வெளித் தயாரிப்பாளர்களின் உதவியோடு செய்தவற்றையும் அனுமதித்தபோது கையால் செய்கிறவர்கள் பலர் கொதித்தார்கள், 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 வீதத்தில் இருந்து 6.5 வீதமாக உயர்த்தியபோது விற்பனையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனாலும் வாதாடுவதற்கு அங்கே ஒரு விதி எழுத்தில் இருக்கிறது. எங்கள் முகநூல் பக்கங்களில் நூறு வருடம் என்பது விரலுக்கு வந்த எண். ஐம்பது என்று எழுதினால் விலை குறையும், ஆகவே நூறு.

சட்டம் இல்லாமலும் இல்லை. இங்கே இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பதைத் தடை செய்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறையிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் யாருக்கு எதிராக முறையிடுவது? என்னிடம் இருப்பது ஒரு பக்கத்தின் பெயரும், இப்போது அழைத்தால் எடுக்காத ஓர் இலக்கமும்தான். பார்சலில் அனுப்பியவர் முகவரி என்று ஒரு நகரத்தின் பெயர் மட்டும் இருந்தது. ரசீது கேட்டபோது சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள், அதையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

பொன்னுருக்கு நாளில் கடைசியில் மாமியின் வீட்டு வட்டாவைத்தான் இரவல் வாங்கினோம். அதைக் கழுவித் துடைக்கும்போது திருப்பிப் பார்த்தேன். அடியில் வட்டம் வட்டமாகக் கடைந்த வரிகள், அவற்றின் நடுவே புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள், மாமியின் தாயாருடைய பெயரின் முதலெழுத்துகள். முன்பு எல்லா வீட்டிலும் பாத்திரங்களுக்கு இப்படித்தான் பெயர் வெட்டுவார்கள், கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் சரியான வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக. அம்மம்மாவின் வட்டாவிலும் அப்படி இரண்டு எழுத்துகள் இருந்தன. விரலை வைத்துத் தடவினால் மணல் போல் உறுத்தும். அதை வாங்கிப் போனவர் உருக்கக் கொடுத்தாரோ, யாருக்காவது விற்றாரோ, எங்களுக்குத் தெரியாது. ஆகவே இணையத்தில் எந்தப் பழைய வட்டாவைக் கண்டாலும் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கத்தான் என் மனம் அடித்துக்கொள்கிறது. நான் அந்தப் படத்தைக் கேட்டது சந்தேகத்தால் மட்டும் அல்ல.

இன்று காலை, தங்கையின் கணக்கில் இருந்து அந்தப் பதிவின் கீழே எழுதினேன்: “அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். காந்தம் வைத்துக் காட்டுங்கள்.” பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதினேன். அதையும் அழித்தார்கள். இப்போது அக்காவின் மகன் தன் கணக்கில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறான், காந்தம் தொங்குகிற வீடியோவையும் சேர்த்து.